சித்தப்பாவின் வீறாப்பும் நாற்பது விழுக்காடும்

வலங்கைமான் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக முகாமுக்கு அழைத்துப்போனேன். மனிதர் சலவை வேட்டி, திருநீறு சகிதம் பெண் பார்க்கப் போவதுபோல் வந்தார். "சட்டை நீங்களே போடுவீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "எனக்கென்ன குறை?" என்றார் சித்தப்பா. காலையில் பொத்தான் மாட்டிவிட்டது சித்தி! குறைபாடு முப்பது விழுக்காடு என்று எழுதிவிட்டார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நாற்பது விழுக்காடாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி.

அதே சட்டத்தின் 59-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. மனு எழுதுவது எளிது. சித்தப்பாவின் வீறாப்பைக் கரைப்பதுதான் பாடு. ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் குறித்தேன். சோறு பிசைய முடியவில்லை. மடை திறக்க மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. குளியலறையில் இருமுறை வழுக்கினார். அதை அவருக்கே படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவுமா?" என்றார்.

மறுமுறை நோட்டுடன் ஸ்கேன் அறிக்கை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, ஆதார் நகல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டோம். "நல்ல நாளைச் சொல்லாதீர்கள் சித்தப்பா, சாதாரண நாளைச் சொல்லுங்கள்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவைத்தேன். மிகைப்படுத்தவும் கூடாது, மருத்துவர் கையை மடக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறுபது கிடைத்தது. திரும்பும்போது பஸ் ஏறக் கைகொடுத்தேன், தட்டிவிட்டார்.