வெயில் இருக்கும்போதே காருக்குச் சார்ஜ் போடுங்கள்

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் டுரியான் தோட்டத்துக்கு மின்கம்பி வரவில்லை. கூரையில் 450 வாட் சோலார் பேனல் எட்டு, 5.12 யூனிட் லித்தியம் பேட்டரி இரண்டு, 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று. வீடும் மின்சாரக் காரும் இதில்தான் ஓடுகின்றன.

முதலில் கணக்கு. நல்ல வெயிலில் கைக்கு வருவது 11 யூனிட் போல. குளிர்பெட்டி, விசிறி, விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 5 யூனிட் தின்றுவிடும். மிச்சம்தான் காருக்கு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. குளிர்பெட்டியில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது.

ராத்திரி சார்ஜ் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கார் பேட்டரி 50 யூனிட். நம் வீட்டு பேட்டரி இரண்டையும் வழித்து ஊற்றினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நிரம்பும், வீடுதான் இருட்டாகும். காலை பத்தரை வாக்கில் வீட்டு பேட்டரி 80 சதவீதம் தாண்டியதும் செருகுகிறேன், மூன்று மணிக்குள் கழற்றிவிடுகிறேன். சார்ஜரை 6 ஆம்பியரில் வையுங்கள். 230 வோல்ட்டுக்கு அது 1.4 கிலோவாட்தான். 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட், மேகம் மறைத்ததுமே வீட்டு பேட்டரியை உறிஞ்சத் தொடங்கிவிடும். நாலு மணி நேரத்தில் 5.5 யூனிட் ஏறும். 30 கிலோமீட்டருக்குக் கவலையில்லை.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் எர்த், அதாவது தரை இணைப்பு. முதல் நாள் செருகியதும் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி பழுது என்றார் விற்றவர். வேறு பெட்டி மாற்றியும் அதே சிவப்பு. டவுன் லைனில் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, எர்த்தோடு இணைந்திருக்கும். தனியாக ஓடும் இன்வெர்ட்டர் பலவற்றில் அந்த இணைப்பு இருக்காது. சார்ஜர் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு மின்சாரத்தை விடாது. வயர்மேன் வந்து தரையில் எர்த் கம்பி அடித்து, ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலை அதோடு சேர்த்து, அப்புறம் எர்த் கசிவைப் பிடிக்கும் பிரேக்கரைப் போட்டார். பச்சை எரிந்தது. தயவுசெய்து இதில் நீங்களே கை வைக்காதீர்கள், உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

வோல்ட் பார்த்து பேட்டரி அளவைச் சொல்லாதீர்கள். இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் நடுப்பகுதி முழுக்க வோல்ட் பெரிதாக அசையாது. பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்று மாட்டிவிடுங்கள். அவ்வப்போது பேட்டரியை 100 சதவீதம் வரை நிரப்பினால் அதன் கணக்கும் நேராகும்.

அக்டோபர் மழையில் மத்தியானம் மீட்டர் 60 சதவீதத்தைத் தொடாவிட்டால் கார் கேபிளை எடுக்கவே மாட்டேன். ஜார்ஜ்டவுன் போகும் நாளில் அங்கேயே பொதுச் சார்ஜரில் நிரப்பிக்கொண்டு மலையேறிவிடுவேன்.