தக்காளிக் கலப்பில் பண்புகளை நிலைப்படுத்தும் முறை

தூய இரு தக்காளி ரகங்களைக் கலந்தால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலவே நிற்கும். அதைப் பார்த்து ரகம் நிலைத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. அவற்றின் விதையை விதைக்கும் இரண்டாம் தலைமுறையில்தான் மறைந்திருந்த பண்புகள் பிரிந்து வெளிவரும்.

பல்விளிம்பு இலையும் சிவப்புப் பழமும் கொண்ட ரகத்தை, உருளைக்கிழங்கு இலை போன்ற பல்லில்லாத இலையும் மஞ்சள் பழமும் கொண்ட ரகத்துடன் கலந்து, பல்லில்லாத இலையுடன் சிவப்புப் பழம் தரும் ரகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறையில் 64 விதைகளைக் குழித்தட்டில் இடுங்கள். நாற்று நான்கு இலை விட்டதும் விளிம்பைப் பார்த்தால், ஏறத்தாழ 16 நாற்றுகளில் பல் இராது. அவற்றை மட்டும் நட்டால் போதும். இந்த இலை ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரியும் பண்பு. கண்ணுக்குத் தெரிந்த அன்றே அது நிலைத்துவிட்டது.

சிவப்பு நிறம் அப்படியன்று. அந்தப் பதினாறில் சுமார் 12 செடிகள் சிவப்பாகக் காய்த்தாலும், அவற்றுள் எட்டு மஞ்சளை உள்ளே மறைத்து வைத்திருக்கும். எது தூயது என்பதைச் செடியைப் பார்த்துச் சொல்ல இயலாது. அதன் பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும். ஆகவே சுவையில் தேறிய ஐந்தாறு செடிகளின் விதையைத் தனித்தனி உறையில் எடுத்து, உறைக்கு 16 செடி வீதம் தனி வரிசையில் நடுங்கள். ஒரு செடி மஞ்சளாகப் பழுத்தாலும் அந்தத் தாய் தூயதன்று. பதினாறும் சிவந்தால் பெரும்பாலும் நம்பலாம்: மஞ்சளை மறைத்த தாய்க்கு அப்படி நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். நான் தொடக்கத்தில் நான்கு நல்ல செடிகளின் விதைகளை ஒரே புட்டியில் கொட்டி வைத்து, அடுத்த பருவத்தில் எந்த மஞ்சள் எந்தத் தாயிடமிருந்து வந்தது என்று தெரியாமல் ஓர் ஆண்டு உழைப்பை இழந்தேன். பெயர்ச்சீட்டை எழுதிய பின்னரே பழத்தை அறுங்கள்.

பழத்தின் எடையும் விளைச்சலும் பல மரபணுக்களாலும், உரம், நீர், வெயிலாலும் அமைபவை. டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் ஜோகன்சன் 1903-இல் காட்டியபடி, தூய வழி அவரையில் (ஒரே செடியிலிருந்து தன்மகரந்தச் சேர்க்கையால் வந்த வம்சத்தில்) பெரிய விதையைத் தேர்ந்தாலும் சிறியதைத் தேர்ந்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி மாறவில்லை. எனவே வாய்க்கால் ஓரத்தில் கொழுத்த ஒற்றைச் செடியை விட்டுவிட்டு, வரிசை முழுவதும் சீராகக் காய்க்கும் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஆனாலும் தேனீக்கள் கலந்துவிடக்கூடும் என்பதால், மொட்டு விரியும் முன்பே கொத்தின்மேல் மெல்லிய வலைப்பையைக் கட்டி, காலையில் காம்பை மெதுவாகத் தட்டிவிடுங்கள். இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை, அதாவது ஒரே பண்புக்கு இருவேறு மரபணு வடிவங்கள் சேர்ந்திருக்கும் நிலை, பாதியாகும். இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடாக இருப்பது ஆறாம் தலைமுறையில் சுமார் 3 விழுக்காடாகும். ஆணும் பெண்ணும் தனிச்செடிகளாக வளரும் கஞ்சா போன்ற பயிர்களில் இந்த வேகம் கிட்டாது: உடன்பிறந்த செடிகளை மூன்று தலைமுறை இணைத்தால்தான் ஒருமுறை தன்மகரந்தச் சேர்க்கையின் பயன் கிடைக்கும்.