சிமுலேற்றருக்கும் கணினிக்கும் இடையே உள்ளீடும் வெளியீடும்: தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவருக்கு, பைதனும் கட்டளையை எடுத்து நிறைவேற்றும் சுழற்சியும் பாடத்திலேயே உண்டு. அவ்விரண்டையும் சேர்த்துச் சிறிய செயலிச் சிமுலேற்றர் ஒன்றை, அதாவது ஒரு செயலியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலை, எழுதிவிடலாம். இரண்டு எண்களைக் கூட்டுவது வரை தடை இராது. விடையைத் திரையில் காட்டும்போதுதான் சிக்கல் எழும். சிமுலேற்றருக்குள் இருக்கும் செயலிக்குத் திரையும் விசைப்பலகையும் தெரியா; பதிவகங்கள் எனப்படும் அதன் சிறு சேமிப்பிடங்களும் நினைவகமுமே தெரியும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 1974இல் வந்த இன்டெல் 8080 செயலியில், சாதனங்களை இணைக்கும் வாயில்களான 256 உள்ளீட்டுத் துறைகளையும் 256 வெளியீட்டுத் துறைகளையும் கையாளத் தனிக் கட்டளைகள் இருந்தன. 1975இல் வந்த 6502 செயலியில் அப்படிக் கட்டளைகள் இல்லை. சாதனங்களுக்கும் நினைவக முகவரிகளே கொடுக்கப்பட்டன. அதைக் கொண்டு 1976இல் வெளியான ஆப்பிள்-1 கணினியில் விசைப்பலகைத் தரவு 53,264ஆம் முகவரியிலும், அதன் நிலை 53,265இலும், திரை 53,266இலும் இருந்தன. புதிய கட்டளை எதையும் சேர்க்க வேண்டியதில்லை என்பதால், தொடங்குபவர்களுக்கு இரண்டாம் வழியே ஏற்றது. நாமும் அந்த முகவரிகளையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் ‘படி’, ‘எழுது’ என்னும் இரண்டு செயற்கூறுகள் வழியாக மட்டுமே செல்லுமாறு சிமுலேற்றரைத் திருத்துங்கள். கொடுக்கப்பட்ட முகவரி சாதனத்துக்குரியதா என்று அவை பார்க்கும். இல்லையென்றால் 65,536 பைற்றுகள் கொண்ட வரிசையைத் தொடும். ஒரேயொரு கட்டளை இவற்றைத் தவிர்த்து வரிசையை நேரே தொட்டாலும், பின்னர் வரும் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

அடுத்தது திரை. 53,266க்கு ஒரு பைற் எழுதப்பட்டதும் அதைக் கணினியின் திரைக்கு அனுப்ப வேண்டும். பைதனில் அந்த எண்ணை எழுத்தாக மாற்றி ‘பிரின்ற்’ செய்வதே எளிதாகத் தோன்றும். ஆங்கிலத்துக்கு அது சரிவரும், தமிழுக்குச் சரிவராது. ‘வ’ என்ற எழுத்து, எழுத்துகளைப் பைற்றுகளாகக் குறிக்கும் யுரிஎஃப்-8 முறையில் 224, 174, 181 என மூன்று பைற்றுகளாகும். ‘வன்னி’ என்ற சொல்லுக்கு 15 பைற்றுகள் வேண்டும். ஒவ்வொரு பைற்றையும் தனி எழுத்தாகக் கொண்டால், 174 வரும் இடமெல்லாம் வணிகப் பதிவைக் காட்டும் வட்டக்குறி தோன்றும். தமிழ் மின்னஞ்சல்கள் சிதைந்து வரும்போது நாம் காணும் குறியும் அதுவே. எனவே நியம வெளியீட்டின் பின்னாலுள்ள பஃபருக்கு (பைற்றுகளை இடையில் தாங்கி வைக்கும் இடத்துக்கு) பைற்றை மாற்றாமல் எழுதி, உடனே வெளியே தள்ளுங்கள். லினக்சில் மூன்றையும் சேர்த்து எழுத்தாக்குவது திரையின் வேலை. விண்டோசில் ஓர் எழுத்தின் பைற்றுகள் எல்லாம் சேர்ந்தபின்பே வெளியே தள்ளுங்கள்.

உள்ளீட்டில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ‘இன்புட்’ செயற்கூற்றை இங்கே பயன்படுத்தக் கூடாது. பயனர் என்ரர் விசையை அழுத்தும் வரை அது சிமுலேற்றர் முழுவதையும் நிறுத்தி வைக்கும். மாறாக, 53,265ஐச் செயலி படிக்கும்போது விசை ஏதும் காத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் 128ஐயும் இல்லாவிட்டால் 0ஐயும் திருப்புங்கள். 53,264ஐப் படிக்கும்போது அந்த விசையைக் கொடுத்து, காத்திருக்கும் விசைகளிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். காத்திருக்கும் விசையை அறிய விண்டோசில் ‘கேபிஹிற்’ உண்டு. லினக்சில் ‘செலெக்ட்’ உண்டு, ஆனால் அங்கே முனையத்தை (நிரல் ஓடும் எழுத்துச் சாளரத்தை) வரிவரியாகப் படிக்கும் நிலையிலிருந்து மாற்ற வேண்டும். நிரல் பிழையில் முடிந்தாலும் பழைய நிலை மீளுமாறு எழுதுங்கள். இல்லாவிட்டால் அதன்பின் தட்டச்சு செய்வது எதுவும் திரையில் தெரியாது.

விசைப்பலகையும் திரையும் இயங்கியபின், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் நீர்மட்ட அளவியைப் போன்ற சாதனமொன்றைச் சேர்த்துப் பாருங்கள். கணினியிலுள்ள கோப்பின் அடுத்த வரி அதன் அடுத்த அளவாகட்டும். அங்குலத்தில் அளந்தால் ஒரு பைற் போதாது, ஏனெனில் ஒரு பைற்றில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 255 அங்குலம் 21 அடி 3 அங்குலம் மட்டுமே. ஆகவே அளவை 256ஆல் வகுத்து, மீதியான கீழ்ப் பைற்றை 53,280இலும் ஈவான மேற் பைற்றை 53,281இலும் வையுங்கள். மட்டம் 255ஆக இருக்கும்போது செயலி கீழ்ப் பைற்றைப் படித்து, மேற் பைற்றைப் படிப்பதற்குள் மட்டம் 256ஆனால், அதற்குக் கிடைக்கும் எண் 511. அதாவது 42 அடி 7 அங்குலம். அந்த எண்ணை நம்பும் நிரல் வான்கதவுகளைத் திறந்துவிடும். இதைத் தடுக்க, கீழ்ப் பைற் படிக்கப்படும் கணத்திலேயே மேற் பைற்றின் நகலை எடுத்து வைத்து, அடுத்த படிப்புக்கு அந்த நகலையே கொடுங்கள். கோப்பில் 255, 256 என்னும் எண்களை மாறிமாறி எழுதி ஓடவிடுங்கள். இவ்விரண்டையும் தவிர வேறு எண் வந்தால் நகல் எடுக்கும் இடம் பிழை.