கோல்ஃப் கிளப் வாங்கப் போறீங்களா? பிராண்டை கடைசியா பாருங்க

கோல்ஃப் ஆட ஆரம்பிச்சு நாலஞ்சு மாசம் ஆனதும் எல்லாரும் கேக்குற கேள்வி, கிளப், அதாவது பந்தை அடிக்கற மட்டை, எந்த பிராண்ட் நல்லது, டைட்டிலிஸ்ட்டா பிங்கா கேலவேயா டெய்லர்மேடா? என்கிட்ட யார் கேட்டாலும் நான் திருப்பி ரெண்டு கேள்வி கேப்பேன். செவன் ஐயன்ல (ஐயன்னா தட்டையான உலோகத் தலை வெச்ச கிளப், செவன் அதோட நம்பர்) அடிக்கறப்போ பந்து கிளப் முகத்துல எந்த இடத்துல படுது, தப்பு ஷாட் வந்தா பந்து எந்தப் பக்கம் போகுது. இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம பிராண்ட் பேசறது கால் அளவு தெரியாம கம்பெனி பேரை மட்டும் பாத்து செருப்பு வாங்கற மாதிரி.

அதனால முதல் வேலை, காலுக்கு போடற பவுடர் ஸ்ப்ரே ஒண்ணு வாங்கி இப்போ கையில இருக்கிற செவன் ஐயன் முகத்துல லேசா அடிங்க, வெள்ளையா ஒரு படலம் நிக்கும். அதுல பத்து பந்து அடிங்க, ஒவ்வொண்ணும் வட்டமா ஒரு தடம் விட்டுட்டுப் போகும். பத்து தடமும் பத்து இடத்துல சிதறிக் கிடந்தா உங்களுக்கு ஒரு வகை கிளப் வேணும், நடுவுல ஒரு காசு அளவுக்குள்ள அடங்கிடுச்சுன்னா வேற வகை வேணும், எல்லாமே நுனிப் பக்கமாவே விழுந்திருந்தா கிளப் நீளத்தை பாக்கணும். கடைக்காரர் சொல்றதை விட விளம்பரத்தை விட அந்த பத்து தடம் சொல்றது உண்மை, ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ஐயன்ல மூணு வகைன்னு புரிஞ்சுக்கிட்டா போதும். பின்பக்கம் தட்டையா கத்தி மாதிரி இருக்கிறது பிளேடு, பின்னாடி குழிச்சு எடைய ஓரத்துக்கு தள்ளியிருந்தா கேவிட்டி பேக், உள்ள கூடா இருந்து வெளிய பாக்க பிளேடு மாதிரி தெரியறது ஹாலோ பாடி. எடை ஓரத்துக்கு போகப் போக, நடுவுல படாத ஷாட்லயும் கிளப் தலை அதிகமா திரும்பாது, அதனால பந்து தூரமும் திசையும் ரொம்ப கெடாது, தடம் சிதறிக் கிடந்தவங்களுக்கு இதுதான் வேணும். பிளேடுல ஓரத்துல பட்டா விரல் கணு வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறும், பந்தும் அடுத்த நம்பர் கிளப்ல அடிச்ச மாதிரி தூரம் குறைவாதான் போகும், அதனால தடம் நடுவுல அடங்கினவங்களுக்குத்தான் அது. இந்த ஓரத்துக்கு எடை தள்ளற யோசனைய பெரிய அளவுல கொண்டு வந்தவர் பிங் ஆரம்பிச்ச கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்ல இன்ஜினியரா இருந்தவர், 1959ல அவர் வீட்டு கேரேஜ்ல செஞ்ச புட்டர் (பந்தை குழிக்குள்ள உருட்டற கிளப்) பந்தை தொட்டா பிங்னு சத்தம் கேட்டுச்சாம், பேரும் அதுவே ஆயிடுச்சு.

இப்போ முக்கியமான விஷயம், எல்லா பெரிய பிராண்டும் மூணு வகையும் செய்யுது. டைட்டிலிஸ்ட் வெச்சிருந்தா பெரிய ஆட்டக்காரர், கேலவே வெச்சிருந்தா புதுசா கத்துக்கிறவர்னு ஒரு பேச்சு இருக்கே, அது அர்த்தமே இல்லாதது. டைட்டிலிஸ்ட்லயே டி100 தொழில்முறை ஆட்டக்காரங்களுக்கு, டி350 தப்பா பட்டாலும் மன்னிக்கற கிளப். பிங்ல ஜி வரிசை ஈசி, ஐ வரிசை கொஞ்சம் கைதேறினவங்களுக்கு. மிசுனோல ஜேபிஎக்ஸ் ஹாட் மெட்டலும் மிசுனோ ப்ரோ பிளேடும் பக்கத்துல வெச்சா ஒரே கம்பெனி செஞ்சதுன்னே நம்ப முடியாது. அதனால ஒரே கம்பெனிக்குள்ள இருக்கிற வித்தியாசம், ஒரே வகையில ரெண்டு கம்பெனிக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தை விட பெருசு. வகைய முடிவு பண்ணிட்டீங்கன்னா தேட வேண்டியது பாதிக்கு மேல குறைஞ்சிடும்.

அடுத்தது லாஃப்ட், கிளப் முகம் எவ்வளவு பின்னாடி சாஞ்சிருக்குங்கற கோணம், அது குறைஞ்சா பந்து தாழ்வா தூரமா போகும். இங்கதான் நிறைய பேர் ஏமாறாங்க, நானும் கிட்டத்தட்ட மாட்டியிருப்பேன். என்கூட ஆடற ஒருத்தர் புது செட்டோட வந்தாரு, அவர் செவன் ஐயனை வாங்கி அடிச்சா என்னோடதை விட பதினஞ்சு யார்டு தள்ளி விழுது, அன்னிக்கு ராத்திரியே அந்த பிராண்டுக்கு மாறிடலாம்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனி ஸ்பெக் ஷீட்டையும் திறந்து பாத்தா என்னோட செவன் 34 டிகிரி, அவரோடது 29. ஒரு ஐயனுக்கும் அடுத்த ஐயனுக்கும் நடுவுல ஏறக்குறைய நாலு டிகிரிதான் இருக்கும், அப்போ அவர் கையில இருந்தது அடியில ஏழுன்னு எழுதின சிக்ஸ் ஐயன், அவ்வளவுதான். இதை மோசடின்னு சொல்ல மாட்டேன், எடைய கீழ வெச்சு பந்தை மேல தூக்கற மாதிரி தலைய செய்யறாங்க, அதனால லாஃப்ட்டை குறைச்சாதான் உயரம் சரியா வரும், அதுக்கு நியாயம் இருக்கு. ஆனா நீங்க ரெண்டு பிராண்டை ஒப்பிடறப்போ நம்பரை பாக்காதீங்க, 34க்கு 34, 30க்கு 30னு லாஃப்ட்டை வெச்சு அடிச்சு பாருங்க.

லாஃப்ட் குறைஞ்ச செட்டுல இன்னொரு பக்க விளைவு இருக்கு, பிட்சிங் வெட்ஜே (வெட்ஜ்னா கிட்ட தூரத்துக்கு அடிக்கற, லாஃப்ட் அதிகமான கிளப்) 43 டிகிரிக்கு வந்துடும். நீங்க பழக்கத்துல 56 சாண்ட் வெட்ஜ் மட்டும் சேத்து வாங்கினா நடுவுல 13 டிகிரி ஓட்டை, அதாவது நூறு யார்டு சுத்துவட்டத்துல எதை எடுத்தாலும் பாதி ஸ்விங் போட வேண்டிய நிலைமை. பேக்ல 14 கிளப்புக்கு மேல வைக்க விதி இடம் கொடுக்காது, அதனால வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எல்லா லாஃப்ட்டையும் வரிசையா எழுதி, வெட்ஜுங்க நடுவுல நாலுலேருந்து ஆறு டிகிரி இடைவெளி வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

ஷாஃப்ட், அதாவது கிளப்போட தண்டு, அதைப் பத்தி நான் நிறைய பேசுவேன், ஏன்னா கிளப்போட இன்ஜினே அதுதான், ஆனா அதுல பிராண்ட் பேர் இருக்கிற கம்பெனியோட பங்கு ரொம்ப கம்மி. ட்ரூ டெம்பர், கேபிஎஸ், ஃபுஜிகுரா, மிட்சுபிஷி இவங்ககிட்டதான் பெரும்பாலான கிளப் கம்பெனிங்க வாங்கி மாட்டறாங்க. ஒரே டைனமிக் கோல்ட் ஷாஃப்ட் மிசுனோலயும் கிடைக்கும் டைட்டிலிஸ்ட்லயும் கிடைக்கும். தண்டு எவ்வளவு விறைப்புன்னு காட்ட ரெகுலர், ஸ்டிஃப்னு எழுதியிருக்கிறதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஒரு அளவு கிடையாது, ஒருத்தரோட ஸ்டிஃப் இன்னொருத்தரோட ரெகுலரை விட இளக்கமா இருக்கலாம். மேலோட்டமா டிரைவரை (ரொம்ப தூரம் அடிக்கற பெரிய தலை கிளப்) சுத்தற வேகம் மணிக்கு 95 மைலுக்கு கீழ ரெகுலர், மேல ஸ்டிஃப், 105 தாண்டினா இன்னும் விறைப்பான எக்ஸ்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அதை ஆரம்பப் புள்ளியா வெச்சுக்கலாம், முடிவா எடுத்துக்க வேண்டாம்.

எடை அதை விட முக்கியம்னு நான் நினைக்கிறேன். டைனமிக் கோல்ட் ஸ்டிஃப் கிட்டத்தட்ட 130 கிராம், லைட் ஸ்டீல் நூறுக்குள்ள, கிராஃபைட்னா அறுபது எழுபதுலயும் கிடைக்கும். நான் முதல்ல வாங்கின செட் கனமான ஸ்டிஃப் ஸ்டீல், ஒரு கடையில "நீங்க நல்லா வளந்திருக்கீங்க, உங்களுக்கு இதுதான்"னு சொல்லி தலையில கட்டிட்டாங்க, ஒரு பந்து கூட அடிக்க விடல. முதல் ஒன்பது ஹோல் ஒரு மாதிரி ஓடும், பன்னெண்டாவது ஹோல் தாண்டினதும் தோள் இறங்கிடும், பந்து தாழ்வா வலது பக்கமா ஓட ஆரம்பிச்சிடும். ஒரு வருஷம் என் ஸ்விங்கதான் குறை சொல்லிக்கிட்டு இருந்தேன். அதே தலையில 95 கிராம் ஷாஃப்ட் மாத்தினதும் கடைசி ஹோல் வரைக்கும் பந்து ஒரே உயரத்துல போச்சு, பிராண்ட் மாறல, ஒரு திருகு கூட வேற மாறல. அதனால ஷாஃப்ட் சோதிக்கறப்போ தெம்பா இருக்கிறப்போ பத்து பந்து அடிச்சிட்டு முடிவு பண்ணாதீங்க, அறுபது எழுபது பந்து அடிச்சு கை சோர்ந்த பிறகும் ஒரு தடவை அடிச்சு பாருங்க.

லை ஆங்கிள், இது நிறைய பேருக்கு தெரியாது. கிளப்பை தரையில வைக்கறப்போ ஷாஃப்ட் எவ்வளவு நிமிந்து நிக்குதுங்கறது. வலது கைக்காரருக்கு லை ரொம்ப நிமிந்திருந்தா பந்து இடது பக்கம் போகும், ரொம்ப படுத்திருந்தா வலது பக்கம். சோதிக்கிறதும் ஈசி, பந்துல அழிக்கற மார்க்கரால நேரா ஒரு கோடு போட்டு, கோடு கிளப் முகத்தை பாத்து செங்குத்தா நிக்கிற மாதிரி வெச்சு அடிங்க, கோடு முகத்துல பதிஞ்சிடும். நேரா நின்னா லை சரி, கோட்டோட தலை நுனிப் பக்கம் சாஞ்சா கிளப் நிமிந்திருக்கு, ஷாஃப்ட் பக்கம் சாஞ்சா படுத்திருக்கு. பிராண்டுங்க நடுவுல நிஜமாவே வித்தியாசம் தெரியற இடம் இது. மிசுனோ மாதிரி மென்மையான கார்பன் ஸ்டீலை அடிச்சு செய்யற ஃபோர்ஜ்ட் தலைய வாங்கின பிறகும் ரெண்டு டிகிரி வளைச்சுக்கலாம், கெட்டியான ஸ்டெயின்லெஸ்ல வார்த்த தலை அவ்வளவு வளைஞ்சு கொடுக்காது, அதனால அதை வாங்கறப்போவே சரியான லைல ஆர்டர் பண்ணிடணும். பிங் இதுக்கு கலர் புள்ளி வெச்சிருக்கு, கருப்பு புள்ளின்னா ஸ்டாண்டர்ட், மத்த கலரெல்லாம் அதுலேருந்து நிமிந்தது இல்ல படுத்தது, செகண்ட் ஹேண்ட் பிங் வாங்கறவங்க அந்த புள்ளிய பாக்காம வாங்கவே கூடாது.

டிரைவர்ல பிராண்ட் சண்டை ரொம்ப சத்தமா நடக்கும், ஆனா விதியே எல்லாரையும் ஒரே கோட்டுல நிறுத்திடுச்சு. தலை 460 சிசிக்கு மேல போகக் கூடாது, முகத்தோட ஸ்பிரிங் விளைவுக்கும் உச்சவரம்பு இருக்கு, நல்ல கம்பெனி எல்லாமே அந்த வரம்பை தொட்டுட்டாங்க. அதனால வருஷா வருஷம் இருபது யார்டு கூடும்னு எதிர்பாக்காதீங்க, நாலஞ்சு வருஷ பழைய டிரைவரும் அருமையாவே இருக்கும். இப்போ போட்டியெல்லாம் ஓரத்துல பட்டா எவ்வளவு குறைவா திரும்புதுங்கறதுல, பாக்ஸ்ல 10கேன்னு எழுதியிருந்தா அதைத்தான் சொல்றாங்க. ஒன்பது டிகிரி டிரைவர் பாக்க கெத்தா இருக்கும், வேகம் இல்லாதவங்களுக்கு பந்து மேலயே ஏறாது, பத்தரைலேருந்து பன்னெண்டுக்குள்ள ஆரம்பிங்க.

புட்டரும் வெட்ஜும் ஒரே பிராண்டா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. டைகர் வுட்ஸோட 15 மேஜர்ல (கோல்ஃபோட ரொம்ப பெரிய போட்டிங்க) 14 ஜெயிச்சது ஒரே ஸ்காட்டி கேமரன் புட்டரால, அந்த இருபது வருஷத்துல அவர் ஐயன் டைட்டிலிஸ்ட்லேருந்து நைக்கிக்கு போய் டெய்லர்மேடுக்கு வந்துடுச்சு, நைக்கி 2016ல கிளப் செய்யறதையே நிறுத்திட்டாங்க, ஆனா அந்த 14 மேஜர்லயும் புட்டர் அதேதான். வெட்ஜ்ல பேர் எடுத்தவங்க டைட்டிலிஸ்ட்டோட வோக்கியும் கிளீவ்லேண்டும், ஆனா பேரை விட பவுன்ஸ், அதாவது கிளப் அடிப்பக்கம் மண்ணுல புதையாம தடுக்கற கோணம், அதைப் பாருங்க, மண் இளகி இருக்கிற கோர்ஸ்லயும் நிறைய மண்ணை வெட்டி அடிக்கிறவங்களுக்கும் பத்துக்கு மேல, தரை கெட்டியா இருந்தா ஆறு ஏழு.

கடைசியாதான் பிராண்ட். வகை, லாஃப்ட், ஷாஃப்ட் எடை, லை முடிவானதும் அந்த அளவுல ரெண்டு மூணு பிராண்ட் மட்டும் எடுத்து லாஞ்ச் மானிட்டர் (பந்தோட வேகம், தூரம் அளக்கற மெஷின்) இருக்கிற இடத்துல, முடிஞ்சா நீங்க ஆடற அதே பந்துல, ஒவ்வொண்ணுலயும் பத்து ஷாட் அடிங்க. திரையில பெருசா காட்டற அந்த ஒரே ஒரு நீளமான ஷாட்டை மறந்துடுங்க, பத்துல ரொம்ப குறைவா போனது எது, எல்லா பந்தும் எவ்வளவு அகலத்துக்குள்ள விழுந்துச்சு, இது ரெண்டும்தான் மைதானத்துல ஸ்கோரா மாறும். ஃபிட்டர்கிட்ட (அளவு பாத்து கிளப் பொருத்தித் தர்றவர்) ஒரே கம்பெனியோட தலைங்க மட்டும்தான் இருக்குன்னா அவர் சொல்ற அளவை எழுதி வாங்கிட்டு வந்துடுங்க, அன்னிக்கே ஆர்டர் போடாதீங்க. ரெண்டு பிராண்ட் கிட்டத்தட்ட சமமா வந்தா, கீழ வெச்சு பாக்கறப்போ எது கண்ணுக்கு பிடிச்சிருக்கோ அதை எடுங்க, கூச்சப்பட வேண்டாம், பந்து முன்னாடி நிக்கறப்போ கிளப் மேல நம்பிக்கை வரணும். இடது கைக்காரங்க மட்டும் இந்த வரிசைய மாத்திக்கோங்க, பல மாடல் இடது கைக்கு வராது, அதனால எது கிடைக்குதுன்னு முதல்ல பட்டியல் எடுத்துட்டு மத்ததை பாருங்க.

செட் வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கை கிழிக்கறதுக்கு முன்னாடி ஆர்டர் பேப்பரோட ஒவ்வொரு கிளப்பையும் ஒப்பிடுங்க, ஷாஃப்ட் பேண்ட்ல எழுதியிருக்கிற பேர், எடை, நீளம், கழுத்துல பொறிச்ச சீரியல் நம்பர். எழுத்து மங்கலாவோ கோணலாவோ இருந்தா, இல்ல விலை நம்ப முடியாத அளவுக்கு குறைவா இருந்தா, போலிதானான்னு அந்த நம்பரை கம்பெனிக்கே அனுப்பி கேளுங்க. லாஃப்ட்டும் லையும் ஒரு மெஷின்ல வெச்சு பாக்க சொல்லுங்க, புது செட்லயே ஒரு டிகிரி தப்பி வர்றது உண்டு, எயிட் ஐயனும் நைன் ஐயனும் ஒரே தூரம் போகுதேன்னு ஆறு மாசம் கழிச்சு தலைய பிச்சுக்கறதை விட முதல் நாளே திருப்பி அனுப்பிடலாம்.