இரண்டாவது ட்ராக் பின்தங்கினால்

கம்ப்யூட்டரில் பாட்டை அடுக்கடுக்காகப் பதிகிறோம்: முதல் ட்ராக்கில் கிட்டார், அதைக் கேட்டபடியே இரண்டாவதில் குரல். திரும்பப் போட்டால் குரல் சற்றுப் பின்னால் வருகிறது. பாடியவர் மேல் தப்பில்லை. ஒலி கம்ப்யூட்டரை விட்டு வெளியே போய் உள்ளே திரும்பும் நேரத்தை மென்பொருள் சரியாகக் கழிக்கவில்லை.

நான் சரிசெய்தது இப்படி. மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள். உள்ளே வரும் ஒலியை அப்படியே வெளியே கேட்கவிடும் மானிட்டரிங்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும். கிளிக் ஒலியை ஓடவிட்டு, அதையே புது ட்ராக்கில் பதிந்து, இரண்டு அலைவடிவங்களையும் நன்றாகப் பெரிதாக்கி முனைக்கு முனை அளந்தேன். 48,000 சாம்பிள் ரேட்டில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், 480 சாம்பிள் தள்ளியிருந்தால் 10 மில்லிசெகண்ட். பதிவு மென்பொருள் ரீப்பர் என்றால், அதன் ரெக்கார்டிங் அமைப்பில் மேனுவல் ஆஃப்செட் என்ற கட்டத்தில் அதைப் போட வேண்டும். இன்னொரு மென்பொருளான ஆடாசிட்டியில் அந்தக் கட்டத்தின் பெயர் லேட்டன்சி காம்பன்சேஷன்; முதலில் −130 மில்லிசெகண்ட் என்றிருக்கும், அந்த மதிப்பிலிருந்து 10 கழித்து −140. மறுபடி பதிந்து பாருங்கள், முனைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் அளவான பஃபரை மாற்றினால் திரும்ப அளப்பது நல்லது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம்; அதன் தாமதம் இந்தச் சோதனையில் சிக்காது.

பாடும்போதே தன் குரல் தாமதமாகக் கேட்பது வேறு சங்கதி. அதற்கு பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்கலாம், அல்லது குரலைக் கம்ப்யூட்டருக்குள் சுற்றவிடாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் பட்டனே போதும்.

மென்பொருள் தேர்வில் நான் முதலில் தேடுவது இந்த ஆஃப்செட் வசதியைத்தான். குரலும் கிட்டாரும் மட்டும் என்றால் ஆடாசிட்டி தாங்கும். ஒலிக்குப் பதிலாக எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பதை அனுப்பும் மிடி கீபோர்டும் பதிய வேண்டுமென்றால் ரீப்பர். 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம்.