பரிசைப் பிரிக்கும் விளையாட்டு: கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பரிசுகள், பண்டிகை நாளில் ஐந்தே நிமிடத்தில் பிரித்து முடிந்துவிடுகின்றன. தரையெங்கும் கிழிந்த ஜிகினாத் தாள், நடுவில் "அவ்வளவுதானா?" என்று கேட்கும் பிள்ளை. எவ்வளவு வாங்கிக் கொடுத்தாலும் இதற்குத் திருப்தியே கிடையாது என்று உடனே அலுத்துக்கொள்கிறோம். விளையாட்டு ஏன் அதற்குள் முடிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அந்தப் பிள்ளை கேட்கிறது. அதை அவசரமாக முடித்துவைத்தவர்கள் பெரியவர்கள்.

முதல் தவறு நேரம். தென்மாவட்டத் திருச்சபைகள் பலவற்றில் விடியுமுன்பே ஆராதனை தொடங்கிவிடும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நள்ளிரவுத் திருப்பலி. அரைத் தூக்கத்தில் எழுப்பி, கழுத்தை உறுத்தும் புதுச்சட்டையை மாட்டி அழைத்துப் போன குழந்தையை, திரும்பி வந்ததும் வெறும் வயிற்றோடு பரிசுக்கு முன்னால் உட்காரவைத்தால் அழுகைதான் மிஞ்சும். சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், அப்புறம் பரிசு. அதற்காக இரவு வரை இழுத்தடிக்கவும் கூடாது; கொஞ்ச நேரக் காத்திருப்புதான் சுவை. ஜெர்மானியர்கள் டிசம்பர் 24 மாலையில் மரமும் பரிசும் இருக்கும் அறைக் கதவைச் சாத்திவைத்து, மணி அடித்த பிறகே பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். பூஜ்யச் செலவில் வரும் பரபரப்பு அது.

அடுத்தது, பெட்டியை நேராகக் கையில் நீட்டிவிடுவது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் முகம் வரைந்த ஒரு மரக்கட்டைக்குப் பிள்ளைகள் டிசம்பர் 8 முதல் தினமும் 'சாப்பாடு' வைத்துப் போர்வை போர்த்துவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பாட்டுப் பாடி அதைக் குச்சியால் அடித்தால், போர்வைக்கு அடியில் இனிப்பும் பரிசும் வந்திருக்கும். நெதர்லாந்தில் டிசம்பர் 5 மாலை, புனித நிக்கோலஸே எழுதியதுபோல ஒரு கேலிப்பாட்டு பரிசோடு வரும். அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். எதுகை மோனைக்குப் பஞ்சமில்லாத நமக்கு இது கைவந்த வேலை:

பல் தேய்க்கச் சொன்னால் பதுங்கிடும் கண்ணே,
பரிசும் பதுங்கிற்று பானைக்குப் பின்னே!

கேலி சேட்டையைப் பற்றி மட்டுமே இருக்கட்டும். நிறம், உடல் பருமன், மதிப்பெண் ஆகியவற்றைத் தொட்டால் அங்கே விளையாட்டு இல்லை, பிள்ளையை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைப்பதுதான் நடக்கிறது. சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகக் கட்டளையும் பரிசும் கொடுக்கும் 'கிறிஸ்மாம், கிறிஸ்சைல்டு' விளையாட்டை ஆடும் வீடுகளில், பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் கட்டளைகளுக்கும் இதே அளவுகோல்தான். கூச்சப்படும் பிள்ளையை எல்லார் முன்னாலும் ஆடச் சொல்லாதீர்கள்.

பரிசு வேட்டையில் எல்லா வயதினரையும் ஒன்றாக ஓடவிடுவது இன்னொரு பிழை. பெரியம்மா மகன் மூன்று குறிப்புகளையும் கண்டுபிடித்துவிடுவான். வாசிக்கத் தெரியாத கடைக்குட்டி அவன் பின்னாலேயே அலையும். கம்பளி நூலைப் பயன்படுத்திப் பாருங்கள். ஆளுக்கொரு நிறம். நுனியைப் பரிசில் கட்டி, நாற்காலிக் கால், கட்டிலடி, தையல் மெஷின் மிதிபலகை என்று சுற்றிக் கொண்டுவந்து, மறுநுனியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பச்சை நூல்காரன் கட்டிலடியில் சிக்கி நிற்கும்போது சிவப்பு நூல்காரி அவன் முதுகைத் தாண்டிப் போவாள். யாரும் யாருடைய பரிசையும் பறிக்க முடியாது. நூல் கழுத்து உயரத்தில் போகாமல் தரையோரமாகவே போகட்டும்.

பல அடுக்காகச் செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தைப் பாட்டு ஒலிக்க ஒலிக்கக் கைமாற்றி, பாட்டு நின்றதும் கையில் வைத்திருப்பவர் ஒரு அடுக்கைப் பிரிக்கும் விளையாட்டும் நல்லதே. கடைசி அடுக்கில் மட்டும் பரிசு வைத்தால் ஒருவர் சிரிப்பார், மற்றவர்கள் முகம் தொங்கும். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கடலை மிட்டாயாவது இருக்கட்டும். தயவுசெய்து பழுப்பு நிற பேக்கிங் டேப்பை ஒட்டாதீர்கள், பிஞ்சு விரலுக்கு அது வராது. வெறும் பெட்டியைக் கொடுத்து ஏமாற்றி, அழுவதை வீடியோ எடுப்பதைப் பற்றி என்ன சொல்ல? பெரியவர்களின் பொழுதுபோக்கு அது.

கேரல் குழுவோடு வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பிளாஸ்டிக் முகமூடியைப் பார்த்து இரண்டு வயதுக் குழந்தை அலறினால், மடியில் திணிக்க வேண்டாம். முகமூடி போடுமுன் அந்த அண்ணனின் முகத்தை ஒருமுறை காட்டினாலே பாதி பயம் போய்விடும். 'அடம்பிடித்தால் தாத்தா பரிசு தரமாட்டார்' என்ற மிரட்டலும் வேண்டாம். எப்படியும் பரிசைக் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்பது பிள்ளைக்கும் தெரியும்.

செல்போனைப் பிடித்துக்கொண்டு "சரியாக வரவில்லை, இன்னொரு தடவை பிரி" என்பதும், அத்தை எதிரிலேயே விலைச்சீட்டைத் தேடுவதும் பெரியவர்கள் விட வேண்டிய பழக்கங்கள். நன்றியை வற்புறுத்தி வாங்குவதைவிட, மறுநாள் பிள்ளையே அந்தப் பொம்மையோடு அத்தைக்குப் பேசட்டும்.

சில பொம்மைகளிலும் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கலாம். சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மையைச் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள். உடைந்த பலூன் துண்டுகளையும் அன்றைக்கே பொறுக்கிவிடுங்கள். பெரிய அட்டைப்பெட்டிகளை மட்டும் உடனே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், ஒரு வாரத்துக்கு அவைதான் பஸ்ஸும் வீடும்.