பிடித்த கேம் இசை எந்த வகை? காதால் கண்டுபிடிப்பது எப்படி

கேமை முடித்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். கதைகூட மறந்து போயிருக்கும். ஆனால் ஏதோ ஒரு கட்டத்தில் வந்த இசை மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதே மாதிரி இன்னும் கேட்க வேண்டும் என்று தேடப் போனால், எதைத் தட்டச்சு செய்வது என்றே தெரியாது. 'கேம் மியூசிக்' என்று போட்டால் கடலாகக் கொட்டும், நாம் தேடியது மட்டும் வராது. கேம் இசை என்பது தனி வகை கிடையாது. ஜாஸ், மெட்டல், ஹவுஸ், ஆம்பியன்ட் எல்லாமே அதற்குள் உண்டு. நமக்கு வேண்டியது அந்த உள்வகையின் பெயர்.

1. ஒரே ஒரு ட்ராக்கை எடுங்கள்

முழு ஆல்பத்துக்கும் ஒரு பெயர் தேடாதீர்கள். கப்ஹெட் (2017) மாதிரி பெரும்பாலும் பிக் பேண்ட் ஜாஸிலும் ராக்டைமிலும் நிற்கும் கேம்கள் குறைவு. மனதில் ஒட்டிக்கொண்ட ட்ராக்கை மட்டும், கேமுக்கு வெளியே, ஹெட்ஃபோனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் (அடியில் வரும் கனத்த ஒலி) சரியாக விழாது. அது இல்லாமல் பாதித் தடயம் போய்விடும்.

2. ஒலியையும் வகையையும் பிரியுங்கள்

ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பழைய கேம்களின் 'பீப் பூப்' ஒலியைக் கேட்டதும் சிப்டியூன் (பழைய கேம் சிப்புகளின் ஒலியில் செய்யும் இசை) என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த ஒலி கருவியால் வந்தது. நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான என்இஎஸ்ஸில் இருந்ததே மொத்தம் ஐந்து சேனல்தான், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகள்தான்: இரண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள், ஒரு நாய்ஸ், பதிவு செய்த துண்டு ஒலிகளுக்கு ஒன்று. எந்த இசையாக இருந்தாலும் அந்த ஐந்துக்குள்தான் அடங்க வேண்டியிருந்தது.

1989-இல் வந்த கேம் பாய் டெட்ரிஸின் புகழ்பெற்ற மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 'கரோபெய்னிகி' என்ற 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பாட்டு. அது பிடித்த ஒருவர் சிப்டியூனைத் தேடினால் ஏமாந்துதான் போவார், ரஷ்ய நாட்டுப்புற இசையைத் தேடினால் உடனே வீடு வந்து சேர்வார்.

பிரித்துப் பார்க்க எளிய வழி, அதே ட்ராக்கை உண்மையான வாத்தியங்களில் யாராவது வாசித்திருக்கிறார்களா என்று பார்ப்பது. கருவி மாறிய பிறகும் மாறாமல் நிற்பது எதுவோ, அதுதான் வகை.

3. தாளத்தை எண்ணுங்கள்

நான் அதிகம் நம்புவது இந்தப் படியைத்தான். மெட்டு மயக்கும், தாளம் மயக்காது.

முதலில் காலைத் தட்டிப் பாருங்கள். நான்கு நான்காக விழுகிறதா, மூன்று மூன்றாகவா? சூப்பர் மாரியோ பிரதர்ஸில் (1985) தண்ணீருக்குள் நீந்தும் கட்டத்தைக் கேளுங்கள்: டும்-ச-ச, டும்-ச-ச. இசையமைப்பாளர் கோஜி கோண்டோ அங்கே போட்டிருப்பது வால்ட்ஸ், மூன்று தட்டில் சுழலும் நடன இசை. மூன்றின் கணக்கைப் பிடித்துவிட்டால் நொடியில் தெரிந்துவிடும்.

அப்புறம் வேகம். 15 வினாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வந்துவிடும். 120 முதல் 130 வரை இருந்து, ஒவ்வொரு தட்டிலும் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 'டும் டும் டும் டும்' என்று விழுந்து, இடையிடையே ஹை-ஹாட் (ஜோடி சிம்பல்) 'ட்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் ஹவுஸ். 160-ஐத் தாண்டி, கிக் சீராக விழாமல் உடைந்து உடைந்து ஓடினால் ட்ரம் அண்ட் பேஸ் அல்லது ஜங்கிள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: கால் 85-இல் தட்டும், டிரம் 170-இல் ஓடும். எண்ணிக்கை பாதியாக வந்தால் குழம்ப வேண்டாம், இரட்டித்துப் பாருங்கள். தாளமே கிடைக்கவில்லை, ஒலி மெல்லப் படர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் ஆம்பியன்ட் பக்கம் போகலாம். மைன்கிராஃப்டில் சி418 என்ற இசையமைப்பாளர் செய்த பல ட்ராக்குகள் அப்படித்தான்.

4. வாத்தியமும் குரலும்

இதில் நேரம் அதிகம் செலவழிக்க வேண்டாம். கிட்டாரா, சின்தா (மின்னணு வாத்தியம்), பித்தளை வாத்தியமா என்று குறித்துக்கொண்டால் போதும். குரல் இருந்தால் மொழியைக் கவனியுங்கள். இரண்டு வகை கலந்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள். டூமின் (2016) இசையில் கனத்த கிட்டாரும் நசுங்கிய சின்த் ஒலியும் பிணைந்து கிடக்கும். இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்று தேடினால்தான் அதன் உறவுக்காரர்கள் கிடைப்பார்கள்.

5. இசையமைப்பாளரைப் பின்தொடருங்கள்

காது சொன்னதைச் சரிபார்க்கும் இடம் இது. கேமின் கிரெடிட்ஸில் பெயரை எடுத்து, அவர் கேமுக்கு வெளியே என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பம் இருந்தால் அடியில் வகைப் பெயர்கள் டேகுகளாகவே இருக்கும்.

ஏப் எஸ்கேப் (1999) கேமை வைத்து ஒரு முறை செய்து பார்ப்போம். குரங்கு பிடிக்கும் கேம், குழந்தைகளுக்கான துள்ளல் இசை என்றுதான் முதலில் தோன்றும். எண்ணிப் பாருங்கள்: பல ட்ராக்குகளில் டிரம் வேகமாக உடைந்து ஓடும், அடியில் பேஸ் நிதானமாக நடக்கும். ட்ரம் அண்ட் பேஸ். இசையமைப்பாளர் சோய்ச்சி டெராடா. அவர் ஜப்பானில் ஹவுஸ் இசை செய்து வந்தவர், ஆக நடன இசைக்காரர்தான்.

இனி தேட வேண்டியது 1990-களின் பிரிட்டிஷ் ஜங்கிள். அதில் ஒரு டிரம் துண்டு திரும்பத் திரும்ப வரும். த வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' (1969) பாட்டின் நடுவே சில வினாடிகள் மட்டும் வரும் தனி டிரம் அது. எண்ணற்ற ஜங்கிள் ட்ராக்குகள் அந்தத் துண்டை வெட்டி ஒட்டியே பிறந்தவை. முதலில் அதைக் கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் கேம் ட்ராக்கை மறுபடி போடுங்கள்.